அரிசி டின்னில் இரண்டு பாட்டில்

பிப்ரவரி 14, திருநீற்றுப் புதன்

இந்தத் தவக்காலத்துக்கு நான் விடப்போவது கோபம். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசும்போதே முடிவு செய்துவிட்டேன். போன வருஷம் டீக்குச் சர்க்கரையை விட்டேன். ஈஸ்டர் வருவதற்குள் இவரைக் கடித்துக் குதறியதுதான் மிச்சம். அதனால் இந்த வருஷம் யாரிடமும் கத்தப்போவதில்லை. வாயில் வருவதையெல்லாம் இந்த நோட்டில் கொட்டிவிடுவேன்.

"நீங்க என்னா விடப்போறீங்க?" என்று இவரிடம் கேட்டேன்.

"நான் விட வேண்டியத எப்பவோ விட்டாச்சு" என்றார், ஷூவைக் கழற்றிக்கொண்டே.

"சரி சரி, கைய கழுவிட்டு வாங்க" என்று பேச்சை மாற்றினேன்.

சாயங்காலம் மகள் எலோதி போன் செய்தாள். ஈஸ்டர் அன்று பகல் சாப்பாட்டுக்கு பப்தீஸ்த்தின் அப்பா நம் வீட்டுக்கு வருகிறாராம். மகள் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அப்பா, நமக்குச் சம்பந்தி. நாங்கள் குடியிருக்கும் இந்தப் பிரெஞ்சு நாட்டின் தெற்கே, காவோர் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்து, சொந்தமாக வைன் செய்து விற்கிற மனிதர். மனைவி இல்லை. ஜூனில் கல்யாணமே அந்தத் தோட்டத்தில்தான்.

"சமையல் உன் கைல அம்மா. வைன அவர் எடுத்துனு வருவார்."

"வைன் எதுக்குடி?"

"அம்மா! அவர் வைன்காரர்!"

போனை வைத்துவிட்டு, கோபப்படாமல், ஒரு கிலோ வெங்காயம் அரிந்தேன். ரசத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

இவர் கோயில் பாட்டுக்குழுவுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து எலோதியும் பப்தீஸ்த்தும் வந்தார்கள். கையில் இரண்டு பாட்டில். அவ்வளவு கறுப்பாக ஒரு சிவப்பு வைனை நான் பார்த்ததில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் மறுபக்கம் தெரியவில்லை.

"மதாம் முதலில் இதைச் சுவைத்துப் பார்த்து, இதற்கு எது பொருந்துமோ அதைச் சமைக்கட்டும் என்று அப்பா சொன்னார்" என்றான் பப்தீஸ்த். நல்ல பையன். பிரெஞ்சுக்காரனாக இருந்தும் செருப்பை வாசலிலேயே விடுகிறான். "அடர்த்தியான, முரட்டு வைன். எல்லாச் சாப்பாடும் அதனிடம் நிற்காது."

பிறகு எலோதி சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள். பப்தீஸ்த்தின் அண்ணனுக்குப் பெண் கொடுத்த வீட்டில், மாமனார் இதே வைனில் இரண்டு ஐஸ் கட்டியைப் போட்டுக் குடித்தாராம். அன்றிலிருந்து பப்தீஸ்த்தின் அப்பா மிஸ்ஸே லகார்த் அந்த வீட்டுப் பக்கமே போவதில்லை.

எலோதி சிரித்தாள். பப்தீஸ்த் சிரிக்கவில்லை.

ஐஸ் போட்டதற்கே இந்தக் கதி என்றால், குடிக்கவே மாட்டேன் என்கிறவன் வீட்டை அந்த மனிதர் என்ன செய்வார்?

அவர்கள் போனதும் பாட்டில்களை அரிசி டின்னில் புதைத்துவிட்டேன். இந்த வீட்டில் பாட்டில் நுழைந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. எனக்கு அந்த நாற்றம் பிடிக்காது, அதனால்தான்.

பிப்ரவரி 19

சோற்றுக்கு அரிசி அள்ளப் போய், கை பாட்டிலில் பட்டது. இன்று ரொட்டிதான்.

பிப்ரவரி 22, வியாழன்

பள்ளிக்கூட லீவு, அதனால் எனக்கும் கேன்டீன் வேலை இல்லை. இவர் பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போனதும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஒரு பாட்டிலை எடுத்தேன். கார்க் திருகும் கருவி நம் வீட்டை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆயிற்று; நேற்று கடையில் புதிதாக வாங்கினேன். வாங்கும்போது என்னமோ திருடியவள் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பாட்டிலின் பின்னால், அறை வெப்பநிலையில் பரிமாறவும் என்று எழுதியிருந்தது. அரிசி டின் இருக்கிற மூலை சில்லென்று இருக்கும். அதனால் பாட்டிலை ஹால் ஹீட்டரின்மேல் நிற்க வைத்துவிட்டு மிளகுக் கறி செய்தேன். தவக்காலத்தில் எனக்குப் புதனும் வெள்ளியும்தான் கறி கிடையாது; மற்ற நாளில் ஆக்கலாமா என்று சாமியாரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்.

கறி இறங்கியது. வைன் குளிக்கிற தண்ணீர் பதத்துக்கு வந்திருந்தது. பிறந்தது முதல் ஒரு சொட்டு குடிக்காதவள் நான். சேசுவே என்று ஒரு மடக்கு வாயில் வைத்தேன்.

ஐயோ! நெஞ்சுக்கு நேரே நெருப்பு. மிளகுக் காரமும் அதுவும் சேர்ந்து நாக்கைப் பிராண்டி எடுத்துவிட்டன. ஸ்பிரிட்டில் மிளகாய் அரைத்துக் குடித்த மாதிரி. தொட்டியில் துப்பிவிட்டு, கால் லிட்டர் மோர் குடித்தேன். இந்தக் கண்றாவிக்கா மனிதன் வேலையை விட்டான், மானத்தை விட்டான்?

கார்க்கை அடைத்து மறுபடி டின்னில் புதைத்தேன். சன்னல் எல்லாம் திறந்து, ஊதுவத்தி ஏற்றினேன்.

இவர் வந்ததும், "இன்னிக்கு என்னா விசேஷம், ஊதுவத்தி?" என்றார்.

"தவக்காலம்" என்றேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

மீன் குழம்போடு பார்த்தேன். பூட்டுச் சாவியைச் சப்பிய மாதிரி வாயெல்லாம் இரும்பு. குழம்பும் கெட்டது, வைனும் கெட்டது. என் மீன் குழம்பை ஒருவன் கெடுத்தான் என்றால் அவன் வீட்டில் நான் பெண் கொடுக்க வேண்டுமா?

பிப்ரவரி 25, ஞாயிறு

இவர் பாட்டுக்குழுவில். எலோதிக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினேன். (போனில் கத்துவது கணக்கில் சேராது.)

"சூடா இருந்துச்சா? எவ்ளோ சூடு?"

"நல்லாத்தான் சூடாக்கினேன். அறை வெப்பம்னு போட்டிருந்தானே, ஹீட்டர் மேல வெச்சேன்."

சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"அம்மா, அறைன்னா பழைய காலத்துக் கல் வீட்டு அறை. பதினெட்டு டிகிரி! உங்க பாண்டிச்சேரி அறை இல்ல!"

பதினெட்டு டிகிரியில் மனிதன் உட்காருகிற இடத்துக்கு அறை என்றா பெயர்? எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ஜுரம். சரி, அவன் வைன், அவன் சட்டம். பாட்டிலைப் பால்கனியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்து வந்து, சாப்பாடு எதுவும் இல்லாமல் வெறுமனே ஒரு வாய் பார்த்தேன்.

வேறு ஆள் மாதிரி இருந்தது. முதலில் நாவல்பழம். அப்படியே நாவல்பழம்தான், சந்தேகமே இல்லை. ஸ்கூல் விட்டு வரும்போது கூறு கட்டி விற்பார்களே, உப்புத் தூவி, அது. பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற அந்தத் துவர்ப்பு. பிறகு மரம் மாதிரி, பழைய பீரோவைத் திறந்தால் வருகிற மாதிரி ஏதோ ஒன்று, விழுங்கிய பிறகும் நெடுநேரம் நின்றது.

ஆமாம், விழுங்கினேன். சரியாகத் தெரிய வேண்டாமா?

சரிபார்க்க இன்னும் ஒரு வாய்.

பிப்ரவரி 28, புதன்

கேன்டீனில் நாற்பது கிலோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே யோசித்தேன். இது துவர்ப்பு. துவர்ப்புக்கு என்ன செய்வது என்று எனக்கு எந்த வெள்ளைக்காரனும் சொல்லித்தர வேண்டாம். வாழைப்பூ துவர்த்தால் மோரில் போடுகிறோம். காரத்தைக் கொட்டினால் துவர்ப்பு இன்னும் கடிக்கும். கொழுப்பு வேண்டும். உப்பு வேண்டும். மீன் கூடாது, புளி கூடாது, மிளகு கொஞ்சம்.

வீட்டுக்கு வந்ததும் வெண்ணெய் தடவிய ரொட்டியோடு ஒரு வாய் பார்த்தேன். அடங்கியது! பாலாடைக்கட்டியோடு இன்னொரு வாய். அதுவும் சரி. எதுவும் இல்லாமல் ஒரு வாய், ஒப்பிட்டுப் பார்க்க.

மார்ச் 2, சனி

இவர் சமையலறையில் நுழைந்ததும் நின்றுவிட்டார். "என்னா வாசனை இது?"

"வினிகர். தொட்டி கழுவினேன்."

"வினிகர் இல்ல."

பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. டீ போட்டுக் கூப்பிட்டும் வரவில்லை. டீயை நானே குடித்தேன்.

எழுதிவிடுகிறேன், நோட்டு இதற்குத்தானே. எலோதிக்கு எட்டு வயது அப்போது. இவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை டிப்போவில் வாயை ஊதச் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டார்கள். பிறகு அந்தக் குளிர்காலம் பூராவும் வீட்டில்தான். என்ன கையில் கிடைத்தாலும் குடித்தார். கடைசியில் ஒருநாள் அவரே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "என்னை உள்ள வெச்சுப் பூட்டு மதலே, இல்லன்னா நான் கீழ எறங்கிக் கடைக்குப் போயிடுவேன்" என்றார். படுக்கையறையை வெளியே பூட்டிவிட்டு, குழந்தையோடு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரி. "அப்பாவுக்குக் காமாலை, ஒட்டிக்கும், அதான் கதவு பூட்டியிருக்கு" என்று எலோதியிடம் சொன்னேன். இன்று வரைக்கும் அவளுக்கு அது காமாலைதான்.

திரும்பி வந்தவர் தொடவில்லை. பஸ் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. டிப்போவில் டிக்கெட் மெஷின் ரிப்பேர் செய்கிறார். அவ்வளவுதான். கல்யாணம் நின்றால் இன்னொரு பிள்ளை பார்த்துக்கொள்ளலாம். இவர் மறுபடி ஒரு கிளாஸைக் கையில் எடுத்தால் இன்னொரு இவருக்கு நான் எங்கே போவேன்?

மார்ச் 4, திங்கள்

பாட்டிலில் பாதிக்குக் கீழே இருக்கிறது! நான் அவ்வளவா பார்த்தேன்? ஒரு வாய், ஒரு வாய் என்றுதானே! இவர் கோட்டை மோந்து பார்த்தேன், பையை மோந்து பார்த்தேன். மெஷின் எண்ணெய் வாசனைதான். அது மறைப்பதற்காகவும் இருக்கலாம் அல்லவா?

ஒரு சிவப்பு ரப்பர் பேண்டை மட்டத்துக்கு நேராக மாட்டி, டின்னில் வைத்தேன்.

மார்ச் 5

மட்டம் அப்படியே இருக்கிறது. நிம்மதியில் ஒரு வாய் பார்த்தேன். ரப்பர் பேண்டைக் கொஞ்சம் இறக்கினேன்.

மார்ச் 6, புதன்

இன்றோடு என் தவக்காலம் உடைந்துவிட்டது.

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், இவர் எனக்கு முன்னால் வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"உக்காரு மதலே."

உட்கார்ந்தேன்.

"எத்தினி நாளா?"

"என்னா எத்தினி நாளா?"

"எனக்குத் தெரியாத வாசனையா அது? உன் வாயில அடிக்குது, துணில அடிக்குது. நான் ஒண்ணும் திட்ட மாட்டேன்." மேசையில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என்னண்ட பொய் மட்டும் சொல்லாத."

இது என் வசனம். இதே மேசையில், அந்த வருஷம், இவரிடம் நான் சொன்னது. ஒரு வார்த்தை மாறவில்லை.

"என்னாலதானே? அப்ப நான் உனக்குக் குடுத்த பாடெல்லாம் இப்ப வெளிய வருதா?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இவர் கண்ணைப் பார்த்தேன், அழுகை வந்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது, வந்தது என்ன, கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. "சம்பந்திக்குக் கறி ஆக்கறதுக்கு நாக்க எரிச்சுக்கினு கெடக்கறேன், என்னப் போய்க் குடிகாரின்றீங்களா! பெத்த பொண்ணுக்காக இல்லாம வேற எதுக்கு இந்தக் கசாயத்த நான் வாயில வெக்கணும்!" பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டினான். எழுந்து போய் அரிசி டின்னை இழுத்து வந்து, கையை விட்டு இரண்டு பாட்டிலையும் வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். அரிசி தரையெல்லாம் சிதறியது.

முழுக்கதையையும் சொன்னேன். ஐஸ் கட்டி, ஹீட்டர், எல்லாம். ஹீட்டருக்கு உதடு லேசாக அசைந்தது. பிறகு அவர் கண் அந்த ரப்பர் பேண்டில் போய் நின்றது.

"இது எதுக்கு?"

சிதறிய அரிசியைக் காலால் ஒதுக்கினேன்.

"எனக்கா?"

அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.

"சரி" என்றார். குனிந்து, சிதறிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

மார்ச் 7

இவர் பேசாமல் இல்லை. "உப்பு குடு", "குடை எங்க", எல்லாம் பேசுகிறார். அதுதான் என்னைக் கொல்கிறது. நன்றாக நாலு வார்த்தை திட்டினால் என்ன?

மார்ச் 12, செவ்வாய்

நானே பேச்சை எடுத்தேன். ஈஸ்டர் அன்று சம்பந்தியிடம் உங்களுக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறீர்கள், டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று நான் சொல்லிவிடுகிறேன். வைன் ஊற்றுவது, எடுப்பது எல்லாம் என் வேலை. நான் உங்களைவிட்டு நகர மாட்டேன்.

"எனக்குச் சர்க்கரை இல்லயே" என்றார்.

"இருக்குன்னு வெச்சுக்குங்க!"

"சரி, மாத்திரைன்னே சொல்லு." சாக்ஸை மாட்டினார். "அந்த மனுஷன் தோட்டத்துல வருஷம் பூரா நின்னு செஞ்சு எடுத்துனு வர்றான். அவன்கிட்ட மாத்திரை."

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். போன வாரம் பூராவும் தூக்கமில்லாமல் புரண்டு, கடைசியில் பதில் என் பரணிலேயே இருந்தது. தங்கச்சி பாண்டிச்சேரியிலிருந்து அனுப்பிய வடகம். வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம் எல்லாம் இடித்து விளக்கெண்ணெய் தொட்டு வெயிலில் காய வைத்த உருண்டை. காரம் கிடையாது, புளிப்பு கிடையாது, வாசனை மட்டும் ஊரைக் கூட்டும். ஆட்டின் தோள்பட்டையைக் கொழுப்போடு முழுசாக வாங்கி, உதிர்த்த வடகத்தையும் வெண்ணெயையும் அழுத்தித் தேய்த்து, சின்னச் சூட்டில் அரைநாள் ஓவனில் விட்டேன். மிளகாய் ஒன்றுகூட இல்லை. என் அம்மா பார்த்தால் நோயாளிச் சமையல் என்பாள்.

முதல் பாட்டில் எப்போதோ புளித்துவிட்டது, தொட்டியில் கொட்டினேன். இரண்டாவதைத் திறந்தேன். ஒளிக்காமல், இவர் முன்னாலேயே. எனக்கு வைன், இவருக்குத் தண்ணீர்.

ஒரு துண்டு கறி, ஒரு மடக்கு வைன். கையில் இருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் துவர்ப்பு கொழுப்பை வழித்துக்கொண்டு போகிறது. வாய் சுத்தமாகி, அடுத்த துண்டு முதல் துண்டு மாதிரி இருக்கிறது. வடகத்தின் தீய்ந்த வெங்காய வாசனையும் அந்தப் பீரோ வாசனையும் ஒரே ஊர்க்காரர்கள்போல ஒட்டிக்கொண்டன.

"எப்படி இருக்கு?" என்றார் இவர்.

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா? சொல்லேன்."

சொன்னேன். நாவல்பழம் சொன்னேன், உப்பு சொன்னேன், மரம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் நிறுத்தியதும், "அப்புறம்?" என்றார். பதினெட்டு வருஷமாக இந்த மனிதர் எதை விட்டார் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. விட்டுவிட்டார், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மிச்சத்தை அடைத்து அரிசி டின்னில் வைத்தேன். பழக்கத்தில் ரப்பர் பேண்டையும் மாட்டிவிட்டேன். அதை இங்கே எழுதுகிறேன், அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 29, பெரிய வெள்ளி

கஞ்சி. மௌனம். உள்ளுக்குள் மட்டும் மாத்திரை வசனத்தைப் பிரெஞ்சில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன், சிலுவைப் பாதையின்போதுகூட.

மார்ச் 31, ஈஸ்டர்

நேற்றே பாஸ்கா பூசை பார்த்துவிட்டதால் இன்று காலை கோயில் இல்லை. விருந்தாளிகள் பன்னிரண்டரைக்கு. சமையலறைக் கடிகாரத்தில் பதினொன்றரை. கறிக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஓவனில் வேலை இருந்தது. நைட்டியோடு, முழங்கை வரை வெண்ணெயும் வடகமுமாக நின்றுகொண்டிருந்தேன். காலிங் பெல் அடித்தது.

"யாரு இந்நேரத்துல?"

இவர் போனை எடுத்துப் பார்த்தார். "மணி பன்னண்டரை மதலே. இன்னிக்கு நேரம் மாத்தற நாளு. நீ முன்ன தள்ளலியா?"

இந்த நாட்டுக் கோடைக் கணக்குக்காக எல்லா வருஷமும் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுகிறவள் நான்தான். இந்த வருஷம் என் மூளையில் மாத்திரையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"போ, போய்ப் புடவ மாத்து. நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன்! எதைப் பார்க்கக் கூடாதோ அதை!

படுக்கையறையில் இருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரே ஒரு குரல், கனத்த ஆண் குரல். சின்னவர்கள் இரண்டு பேரும் கார் நிறுத்த இடம் தேடுகிறார்களாம், சம்பந்தி மட்டும் முதலில் ஏறி வந்துவிட்டாராம். நாற்காலி இழுபட்டது. சிரிப்பு. கொசுவம் கையில் நிற்கவில்லை. மடித்தேன், அவிழ்ந்தது, மறுபடி மடித்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கார்க் வெளியே வருகிற சத்தம். பிறகு ஊற்றுகிற சத்தம், ஒரு கிளாஸ். பிறகு இன்னொரு கிளாஸ்.

முந்தானையை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மிஸ்ஸே லகார்த், நகக்கண்ணெல்லாம் கறுத்த பெரிய கை. இந்தப் பக்கம் இவர். கையில் கிளாஸ். கிளாஸுக்குள் மூக்கு.

"இவருக்குச் சர்க்கரை, மாத்திரை..." என்று வாசலிலேயே பிரெஞ்சில் ஆரம்பித்துவிட்டேன், வணக்கம்கூடச் சொல்லாமல்.

இவர் கிளாஸை மேசையில் வைத்தார். "இல்லை மிஸ்ஸே" என்றார், அதே பிரெஞ்சில், பஸ்ஸில் நிறுத்தம் சொல்கிற குரலில். "எனக்கு எந்த நோயும் இல்லை. நான் குடிகாரன். பதினெட்டு வருஷமாகக் குடிக்காத குடிகாரன். உங்கள் வைனை என்னால் குடிக்க முடியாது. உங்கள் மகன் என் மகளைக் கட்டப் போகிறான், அதனால் பொய் சொல்ல விருப்பமில்லை. மோந்து பார்த்தேன், அது தப்பென்றால் மன்னியுங்கள்."

மிஸ்ஸே லகார்த் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தெரிந்தது?" என்று கேட்டார் கடைசியில்.

"மோந்ததிலா?" இவர் யோசித்தார். "எங்கள் ஊரில் ஒரு பழம் உண்டு, மிஸ்ஸே. உங்களுக்குப் பெயர் சொன்னால் தெரியாது. தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும். அது. பிறகு மழை விட்ட மண். அப்புறம், பழைய மர பீரோ." என்னைப் பார்த்தார். "பீரோவை என் மனைவி சொன்னாள். ஆனால் உண்மைதான், இருக்கிறது."

"அப்படியானால் குடித்துப் பார்த்துச் சமைத்தது?"

"நான்தான்" என்றேன். "முதலில் ஹீட்டர்மேல் வைத்துக் குடித்தேன்."

வேண்டுமென்று சொல்லவில்லை, பயத்தில் வந்துவிட்டது. அந்தப் பெரிய மனிதர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். போச்சு, கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கையை நீட்டி, இவர் முன்னால் இருந்த கிளாஸை எடுத்து, மேசையைச் சுற்றி வந்து, என் இடத்தில் வைத்தார். பாட்டிலையும் கூடவே நகர்த்தினார். இவர் பக்கம் தண்ணீர்க் கூஜாவை வைத்தார்.

கதவைத் திறந்துகொண்டு எலோதி வந்தாள், பின்னால் பப்தீஸ்த். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"அப்பா சொல்லிட்டாரா?"

"உனக்கு எப்படிடி...?"

"அம்மா, காமாலைக்கு யாராச்சும் கதவ வெளிய பூட்டுவாங்களா?" என்றாள் தமிழில், மெதுவாக. போய் இவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கறி ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வெந்தது. யாரும் கேட்கவில்லை. மிஸ்ஸே லகார்த் முதல் துண்டை மென்றுவிட்டு ஒரு மடக்கு குடித்தார், என்னைப் பார்த்தார். தட்டை ரொட்டியால் வழித்துத் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார். அதற்குப் பிறகு வடகத்தை எடுத்து வரச் சொல்லி, மோந்து பார்த்து, ஒரு உருண்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். இனி அந்தக் கைக்குட்டையை எந்த மெஷினாலும் வெளுக்க முடியாது, சொல்லவில்லை நான்.

அவர்கள் போனதும் பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. நான் அதைத் தொடுவதற்குள் இவர் எடுத்து, கார்க்கை அழுத்தி, அடுப்புக்கு மேல் தட்டில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"டின்ல ஒண்ணு இருக்குல்ல, அதையும் இங்கயே எடுத்து வை" என்றார். "சோறெல்லாம் கார்க் வாசனை அடிக்குது."

ஏப்ரல் 1, திங்கள்

கோபத்தை விட்ட தவக்காலம் முடிந்ததால், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்குக் காலையிலேயே இவரை ஆசை தீரத் திட்டினேன். சிரித்துக்கொண்டே காய்கறி வாங்கப் போனார்.

அரிசி டின்னில் இருந்த பாட்டிலை எடுத்துத் தட்டில் மற்றதன் பக்கத்தில் வைத்தேன். சிவப்பு ரப்பர் பேண்ட் இன்னும் அதில் இருந்தது. மட்டம் பார்க்காமலே கழற்றினேன். இவர் கொண்டுவந்த கொத்தமல்லிக் கட்டு பிரிந்து கிடந்தது, அதற்குப் போட்டேன்.